வெள்ளிக்குக் கணக்கு இருந்தது, மனிதர்களுக்கு?

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர் ஓட்டப்பிடாரம், வ.உ.சி. பிறந்த ஊர். 1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி தூத்துக்குடி - கொழும்பு வழியில் யாரை எதிர்த்தது என்று கேட்டால், 'வெள்ளைக்காரனை' என்போம். அந்த வெள்ளைக்கார முதலாளிக்குப் பெயர் உண்டு: பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. வ.உ.சி. சிறைக்குப் போனார், சுதேசிக் கம்பெனி ஒழிந்தது, இந்தக் கம்பெனி நிலைத்தது. அதன் கப்பல்களில் உழைத்தவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம்.

பெயர் கெய்ர்சோப்பா. கர்நாடகத்து ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கி, 1919இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் கட்டி முடிக்கப்பட்ட சரக்குக் கப்பல். இருபது ஆண்டுகள் சரக்கு ஏற்றி இறக்கியது. பிறகு போர் வந்தது. 1940 டிசம்பரில் தேயிலை, இரும்பு, வெள்ளிக் கட்டிகளோடு கல்கத்தாவிலிருந்து கிளம்பியது. ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுனில் மற்ற கப்பல்களோடு சேர்ந்து பாதுகாப்பு அணியில் வடக்கே போனது. கடும் புயலில் நிலக்கரி தீரும் நிலை வரவே, 1941 பிப்ரவரி 14 அன்று அணியைவிட்டுப் பிரிந்து அயர்லாந்து பக்கம் தனியாகத் திரும்பியது. 16ஆம் தேதி இரவு யூ-101 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியின் குண்டு பாய்ந்தது. சுமார் இருபது நிமிடத்தில் கப்பல் மூழ்கியது.

ஒரு படகு தப்பியது. பதின்மூன்று நாள் குளிரிலும் தாகத்திலும் ஒவ்வொருவராகச் செத்தார்கள். இங்கிலாந்தின் தென்முனையில் கரை தெரிந்தபோது அலை படகைக் கவிழ்த்தது. உயிரோடு மீட்கப்பட்டவர் ஒருவர்தான்: இரண்டாம் அதிகாரி ரிச்சர்ட் அயர்ஸ். இறந்தவர்கள் எண்பதுக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

இந்திய மாலுமிகளை 'லஸ்கர்' என்றார்கள். அதே கடல், அதே குண்டு. ஆனால் வெள்ளை மாலுமியின் கூலியில் சிறு பங்குதான் இவர்களுக்கு. போர் தொடங்கிய 1939இலேயே பிரிட்டிஷ் துறைமுகங்களில் லஸ்கர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்குப் போன பிறகே கூலி உயர்ந்தது.

தோழர்களே, இன்னொன்றும் உண்டு. இத்தகைய கப்பல்களில் தளத்துக்கு ஒரு கூட்டம், எஞ்சினுக்கு ஒரு கூட்டம், சமையலுக்கு ஒரு கூட்டம் என்று ஊரும் மதமும் சாதியும் பார்த்தே ஆள் எடுத்தார்கள். கூட்டவும் கழிப்பறை கழுவவும் இருந்தவருக்கு 'டோப்பாஸ்' என்று பெயர். பெரும்பாலும் தீண்டாமைக்கு ஆளான சாதிகளிலிருந்தே அவரைக் கொண்டுவந்தார்கள். கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்றது சாஸ்திரம். கெடவில்லை. துடைப்பத்தோடு சேர்ந்து அதுவும் கப்பல் ஏறியது.

2011இல் ஓர் அமெரிக்க நிறுவனம் கெய்ர்சோப்பாவைக் கண்டுபிடித்தது. சுமார் 4,700 மீட்டர் ஆழம். 2012, 2013 ஆண்டுகளில் 2,792 வெள்ளிக் கட்டிகளை மேலே கொண்டுவந்தார்கள். எண்பது சதவீதம் நிறுவனத்துக்கு, மீதி பிரிட்டிஷ் அரசுக்கு. அந்த வெள்ளியில் நாணயம்கூட அடித்தார்கள். கடலடியில் எழுபது ஆண்டு கிடந்தும் வெள்ளியின் கணக்கு தவறவில்லை.

மனிதர்களின் கணக்கு? போரில் இறந்த பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் கப்பல் வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே கப்பலில் செத்த இந்தியர்களுக்கு அங்கே இடமில்லை. அப்போரில் மாண்ட சுமார் ஆறாயிரம் இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள பதிவேடுகளில் இருக்கின்றன. அங்கே வெண்கலத்தில், இங்கே காகிதத்தில். எத்தனை பேர் அந்தப் பக்கங்களைப் புரட்டியிருப்போம்?

வ.உ.சி.யின் கப்பலைக் கொண்டாடுவோம், தவறில்லை. கூடவே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரில் துறைமுகத்திலோ கப்பலிலோ உழைத்த பெரியவர்கள் இன்னும் இருந்தால், போய் உட்கார்ந்து பேசுங்கள். என்ன வேலை, என்ன கூலி, எந்த வேலையை யாருக்குக் கொடுத்தார்கள், யாரை எங்கே படுக்க வைத்தார்கள் என்று கேளுங்கள். பெயரோடு எழுதி வையுங்கள். கம்பெனிக்காரன் தன் சரக்குக்குக் கணக்கு வைத்துக்கொண்டான். நம் ஆட்களுக்கு நாம்தான் வைக்க வேண்டும்.