கச்சானும் வாடையும்: திருகோணமலைத் துறைமுக வரலாற்றில் பருவக்காற்றின் பங்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைக் கூறுவோர் அதன் ஆழத்தையும், அதனைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளையும், பெருங்கப்பல்கள் பலவற்றை ஒருங்கே ஏற்கவல்ல அதன் பரப்பையுமே பெரிதும் எடுத்துரைப்பர். இவை உண்மையே. எனினும் ஆழமும் பரப்பும் ஆண்டு முழுவதும் மாறாதிருப்பன. ஐரோப்பிய வல்லரசுகள் இத்துறைமுகத்தை நாடிய வேட்கையோ ஆண்டின் ஒரு பகுதியை எண்ணியே எழுந்தது. அதற்குரிய காரணத்தைக் காற்றிலே தேடல் வேண்டும்.

வைகாசி முதல் இலங்கையின் மேல்கரையில் மழையைப் பொழியும் தென்மேல் பருவக்காற்று, மத்திய மலைநாட்டைக் கடக்கும்போதே தன் ஈரத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது. மலையின் கீழ்ப்புறச் சரிவிலே இறங்கி வருகையில் அது மேலும் வெப்பமடைகின்றது. கிழக்கிலங்கை மக்கள் கச்சான் என வழங்குவது இவ்வறண்ட நிலக்காற்றையே. ஆடி, ஆவணி மாதங்களில் குளங்கள் வற்றுவதும் புல் கருகுவதும் இதனாலாகும். புரட்டாதியின் பிற்பகுதியிற் கச்சான் தளர்ந்து, காற்றின் திசை நிலையற்றதாகின்றது. பிற்பகல்களில் இடியுடன் மழை பெய்யத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் தோன்றுகின்றன. அவற்றுட் சில புயலாக வளர்கின்றன. மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று நிலைபெற, வாடை வந்துவிட்டது என்பர். திருகோணமலை ஆண்டொன்றிற்குப் பெறும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பாதிக்கு மேற்பட்டது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களிலேயே பெய்கின்றது. பெரும்போக வேளாண்மைக்கு இதுவே உயிர்நாடி.

வாடையைப் பிரிவுத் துயரோடு இணைத்துப் பாடிய மரபு தமிழுக்குண்டு. நெடுநல்வாடை என்னும் நூற்பெயரே அதற்குச் சான்று. உழவனுக்கு அது விதைப்பின் முன்னறிவிப்பு. சோழமண்டலக் கரையிலே நங்கூரமிட்டிருந்த மாலுமிக்கோ அது அச்சத்தின் பெயராயிற்று. சென்னை, புதுச்சேரி, கடலூர், மசூலிப்பட்டினம் ஆகிய யாவும் அக்காலத்தில் திறந்த கடலிலேயே கப்பல்கள் நின்று சரக்கேற்றும் துறைகளாக இருந்தன. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று கப்பலைக் கரையை நோக்கியே தள்ளும். நங்கூரக் கயிறு அறுந்தால் தப்புதற்கு வழியில்லை. ஒக்டோபர் நடுப்பகுதியில் சென்னைக் கோட்டையின் கொடியை இறக்கிக் கப்பல்களுக்கு எச்சரிக்கை செய்யும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. 1746 செப்டெம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரான்சியத் தளபதி லா பூர்தொனே, ஒக்டோபர் நடுப்பகுதியில் எழுந்த புயலிலே தன் கப்பல்கள் பலவற்றை இழந்தார். பகைவரால் வெல்லப்படாத கப்பற்படையைப் பருவம் வென்றது.

அக்கரையிலிருந்து தெற்கே நோக்குவார்க்கு, எப்பருவத்திலும் கப்பல்கள் அச்சமின்றித் தங்கத்தக்க பெருந்துறைமுகமாக வங்காள விரிகுடாவின் மேற்கோரத்தில் அமைந்திருந்தது திருகோணமலையே. அப்பகுதியை நோக்கிப் புயலால் அனுப்பப்பட்டோருள் ஒருவரின் வரலாறு ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலிலே ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் தன் பாய்மரத்தை வெட்டிவிட நேர்ந்தது. புதுப் பாய்மரம் நாட்டும் பொருட்டும், அவ்விடைக்காலத்தில் வாணிகம் செய்யும் பொருட்டும் அது கொட்டியாரக் குடாவிற்கு வந்தது. அக்குடா அன்று கண்டி இராச்சியத்தின் கடல்வாயில்களுள் ஒன்று. 1660இல் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும் அவர் மகனையும் மாலுமிகள் சிலரையும் மூதூர்ப் பகுதியிலே சிறைப்படுத்தினர். தந்தை மறு ஆண்டிலேயே காய்ச்சலால் இறந்தார். மகனாகிய ரொபேட் நொக்ஸ் 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் செல்லும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கண்டி நாட்டிலே கழித்தார். 1681இல் அவர் வெளியிட்ட நூல் பதினேழாம் நூற்றாண்டு இலங்கையைப் பற்றிய முதன்மையான சான்றுகளுள் ஒன்று. அந்நூல் தோன்றியமைக்கு ஒரு கார்த்திகைப் புயலும் காரணம் என்பதை அதனைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

பருவத்தின் ஆற்றலை மிகத் தெளிவாகக் காட்டுவது 1782ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு ஜனவரியில், மாரி தணியும் வேளையில், ஆங்கிலத் தளபதி எட்வேட் ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றினார். பின்னர் ஜூலையில் நாகபட்டினக் கடலில் நிகழ்ந்த போரிலே சிதைவுற்ற தம் கப்பல்களைச் செப்பனிடுவதற்காக அவர் சென்னையிலே தங்கினார். பிரான்சியத் தளபதி சஃப்ரன் இக்காலத்தைப் பயன்படுத்திக்கொண்டார். மட்டக்களப்பில் வந்து சேர்ந்த துணைப்படையுடன் அவர் ஓகஸ்ட் 25ஆம் நாள் திருகோணமலையை அடைந்து, நகருக்கு வடக்கேயுள்ள திறந்த குடாவில் நங்கூரமிட்டுப் படைகளை இறக்கினார். கச்சான் வீசும் காலத்தில் அக்குடாவின் நீர் அமைதியாக இருக்கும்; வாடை தொடங்கிவிட்டால் அங்குக் கப்பலை நிறுத்துதல் இயலாது. ஓகஸ்ட் இறுதிக்குள் கோட்டைகள் இரண்டும் பணிந்தன. ஹியூஸோ ஓகஸ்ட் 20இல் சென்னையை விட்டுப் புறப்பட்டும், எதிர்க்காற்றிலே தெற்கு நோக்கி வரவேண்டியிருந்தமையால் செப்டெம்பர் 2ஆம் நாளே திருகோணமலைக்கு முன்னால் தோன்றினார். கோட்டைகளிற் பிரான்சியக் கொடி பறந்தது. மறுநாள் நடந்த கடுஞ்சமரில் இரு திறத்தாரும் தளர்ந்தனரேயன்றி எவரும் முடிவான வெற்றி பெறவில்லை.

உண்மையான முடிவு அடுத்த மாதத்திலேயே புலப்பட்டது. ஒக்டோபர் 15ஆம் நாள் சென்னையிற் புயல் எழுந்தது. ஒதுங்குவதற்குத் திருகோணமலை இல்லாத ஹியூஸ், குமரிமுனையைச் சுற்றித் தொலைவிலுள்ள பம்பாய்க்குச் சென்றார். டிசம்பரிலேயே அங்குப் போய்ச் சேர்ந்தார். ஹைதர் அலியின் படையெடுப்பால் முன்னரே உணவின்றி வாடியிருந்த சென்னையின் நிலை இன்னும் கொடிதாயிற்று. அரிசி ஏற்றி வந்த உள்நாட்டு மரக்கலங்கள் பல அப்புயலிலே கரையில் மோதி அழிந்தன. பஞ்சத்தில் மாண்டோர் மிகப் பலர். தளபதிகளின் திறமையை விரித்துரைக்கும் கடற்போர் வரலாறுகள் இம்மக்களுக்கு ஒரு வரியேனும் ஒதுக்குதல் அரிது.

சஃப்ரனும் மாரிக்காலத்தைத் திருகோணமலையிற் கழிக்கவில்லை. அங்குக் காவற்படையை விட்டுச் சுமாத்திராவின் அச்சேக்குச் சென்றார் என்பது கவனிக்கற்பாலது. அவர் பெற்ற நயம் பகைவனுக்கு இடமில்லாமற் செய்ததே எனலாம். 1783 ஜனவரியிலேயே அவர் சோழமண்டலக் கடலுக்கு மீண்டார். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பியது ஏப்ரலில். அதற்கிடையில் புசியின் தலைமையில் வந்த பிரான்சியப் படை தடையின்றிக் கடலூரில் இறங்கிவிட்டது. ஆயினும் போர் முடிவில் துறைமுகம் ஒல்லாந்தருக்கே மீண்டது.

பதின்மூன்று ஆண்டுகளின் பின் ஆங்கிலேயர் மீண்டும் வந்தபோதும் அது ஓகஸ்ட் மாதமே. 1795இல் கேணல் ஸ்டூவேட்டின் படையை ஏற்றி வந்த கப்பல்கள் குடாவினுட் புக முயன்ற வேளையில், வன்மையான நிலக்காற்றை எதிர்த்துச் சென்ற ‘டயோமீட்’ என்னும் போர்க்கப்பல் நீருள் மறைந்திருந்த பாறையிலே மோதி மூழ்கியது. காற்றும் அலையும் தடுத்தமையாற் படைக்கலங்களையும் பொருள்களையும் இறக்குவதற்கே பல நாள்கள் சென்றன. படையெடுப்போர்க்குத் துணையென எண்ணப்பட்ட கச்சானும் இவ்வாறு தன் இயல்பைக் காட்டத் தவறவில்லை. எனினும் ஓகஸ்ட் 26இல் நகர்க்கோட்டையும், 31இல் துறைமுக வாயிலைக் காத்த ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் வீழ்ந்தன. மாரி தொடங்குமுன் துறைமுகம் கைமாறிற்று. 1802ஆம் ஆண்டின் ஆமியன் உடன்படிக்கை அதனை உறுதி செய்தது.

நீராவிக் கப்பல்கள் வந்தபின் காற்றின் கணக்கு கடற்படைகளுக்குப் பெரிதும் தேவையற்றதாயிற்று. சென்னையும் தனக்கென அலைதடுப்புச் சுவர்களை எழுப்பத் தலைப்பட்டது. முற்றுப்பெறும் நிலையிலிருந்த அவற்றை 1881 நவம்பர்ப் புயல் உடைத்தெறிந்ததும் மீண்டும் கட்டவேண்டியதாயிற்று. திருகோணமலையிலோ பிரித்தானியக் கடற்படை 1957 வரை நிலைகொண்டிருந்தது. அதன் எண்ணெய்த் தாங்கிகளுக்கு வாடையும் கச்சானும் ஒன்றே.

மீனவர்க்கு அவை ஒன்றல்ல. நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேல்கரைப் பகுதிகளிலிருந்து மீனவர், அங்குக் கடல் கொந்தளிக்கும் தென்மேல் பருவத்திலே கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வதும், இங்குக் காற்று மாறும் ஒக்டோபரளவில் வாடிகளைப் பிரித்துக்கொண்டு திரும்புவதும் நெடுங்கால வழக்கம். உள்ளூரார் தங்கள் தோணிகளைக் கரையில் உயர ஏற்றிவிடுவர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் திருகோணமலைப் பகுதியைத் தாக்கிய புயலே அப்பாற் சென்று தனுஷ்கோடியை அழித்தது. 2020 டிசம்பர் 2ஆம் நாளிரவு ‘புரவி’ கரை கடந்ததும் திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளி, திரியாய் ஆகிய ஊர்களை ஒட்டியே.