கலப்புக் கிளையக் கட்டி: ஒரு நோய்ப்பெயரின் தோற்றமும் மறைவும்

முன்னுரை

மூளையில் நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் அணுக்கள் கிளையா அணுக்கள் எனப்படும். விண்மீன் வடிவுடைய ஆஸ்ட்ரோசைட்டும், நரம்பிழைகளுக்கு மயலின் உறையிடும் ஒலிகோடென்ட்ரோசைட்டும் அவற்றுள் முதன்மையானவை. இவ்விரண்டின் சாயலையும் ஒருசேரக் காட்டிய கட்டி 'ஒலிகோஆஸ்ட்ரோசைட்டோமா' என்னும் கலப்புக் கட்டியாகக் கொள்ளப்பட்டது. நெடுங்காலம் வழங்கிய அப்பெயர் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில் இடம்பெறவில்லை. அதற்கான காரணத்தை வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உருவத்தின் வழி வகைப்பாடு

ரமோன் இ கஹால் 1913இல் வெளியிட்ட பொற்சாய முறை ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தெளிவாகக் காட்டியது. அவருடைய மாணவர் டெல் ரியோ ஓர்த்தேகா வெள்ளிச் சாயத்தின் துணையால் ஒலிகோடென்ட்ரோசைட்டை வேறுபடுத்தி, 1921இல் விளக்கினார். இவ்வறிவை அடிப்படையாகக் கொண்டு பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் 1926இல் கிளையோமாக்களை வகைப்படுத்தினர். கட்டியணு எந்த இயல்பணுவை ஒத்திருக்கிறதோ, அதன் பெயரையே கட்டிக்கு இடுவது அவர்தம் நெறி. இரண்டையும் ஒத்த கட்டிக்குக் கலப்புப் பெயர் இடுவது இந்நெறியின் இயல்பான விளைவாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 1979ஆம் ஆண்டு முதல் வகைப்பாடும் அதனை ஏற்றது.

எனினும், ஒவ்வோர் அணுவகையும் எவ்வளவு இருந்தால் கலப்பு எனலாம் என்பதில் ஒருமித்த அளவுகோல் உருவாகவில்லை. ஒரே திசுத்துண்டுக்கு நோயியலறிஞர் வெவ்வேறு பெயரிடும் நிலை நீடித்தது.

மரபணுச் சான்று

ஒலிகோடென்ட்ரோகிளையோமாவில் 1ஆம் குரோமோசோமின் குறுங்கரமும் 19ஆம் குரோமோசோமின் நெடுங்கரமும் இழக்கப்படுவதை 1994இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. ஐ.டி.எச்.1 மரபணுவின் திடீர்மாற்றம் 2008இல் கண்டறியப்பட்டது. இம்மாற்றம் இருவகைக் கட்டிகளிலும் பெரும்பான்மையாகக் காணப்படுவதை 2009ஆம் ஆண்டு ஆய்வு உறுதிசெய்தது. தொடக்கம் பொதுவாயினும் பின்னர் வழி பிரிகிறது: ஒருவகை மேற்கூறிய இரு கரங்களையும் இழக்கிறது, மற்றொன்றில் டி.பி.53, ஏ.டி.ஆர்.எக்ஸ். மரபணுக்கள் மாறுகின்றன. கலப்புக் கட்டிகளைச் சோதித்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், உருவத்தால் வேறுபட்ட பகுதிகளும் ஒரே மரபணுக்கூறு உடையனவாக இருந்தன. ஆகவே, கண்ணுக்குக் கலப்பாகத் தோன்றியது மரபணுவில் கலப்பாக இல்லை. இரு கூறுகளும் உண்மையாகவே அமைந்தவை மிக அரியன.

பெயரும் சிகிச்சையும்

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. ஆர்.டி.ஓ.ஜி. 9402 என்னும் மருத்துவ ஆய்வில், தீவிர வகை ஒலிகோடென்ட்ரோகிளையோமாவும் கலப்புக் கட்டியும் உடைய 291 நோயர் இடம்பெற்றனர். அதன் நீண்டகால முடிவுகள் 2013இல் வெளியாயின. இரு கரங்களும் இழந்த கட்டியுடையோர் கதிர்வீச்சு மட்டும் பெற்றபோது இடைநிலை வாழ்நாள் 7.3 ஆண்டுகள், பி.சி.வி. மருந்துகளும் சேர்ந்தபோது 14.7 ஆண்டுகள். அவ்விழப்பு இல்லாதோரிடம் இடைநிலை வாழ்நாள் முறையே 2.7, 2.6 ஆண்டுகளே. 'கலப்பு' என்னும் ஒரே பெயர் இத்துணை வேறுபட்ட இரு நோய்நிலைகளை மறைத்து வந்தது.

இதனால் 2016ஆம் ஆண்டு வகைப்பாடு, மரபணுச் சோதனை இயலாத அல்லது தெளிவான முடிவு தராத நிலைக்கு மட்டுமே இப்பெயரை விட்டுவைத்தது. 2021இல் அதுவும் நீங்கியது.

முடிவுரை

கலப்புக் கட்டி என்னும் வகை முன்னோர் கவனக்குறைவால் எழுந்ததன்று. சாயமும் நுண்ணோக்கியும் காட்டியதை அவர்கள் நேர்மையாகப் பதிந்தனர். கருவி மாறியபோது வகையும் மாறியது. நுண்ணோக்கி வழி நோக்கும் பயிற்சி இன்றும் தேவையே. ஆயினும், மரபணுச் சான்றின்றி அப்பார்வை மட்டும் நோயரின் சிகிச்சையை முடிவுசெய்ய இயலாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.