பாட்டன் பூட்டனைத் தேடி...

மலர்க்குழு நண்பர் போன் செய்து, "என்னப்பா, இந்தத் தடவையாவது ஒரு கட்டுரை கொடு. பாலம், கான்கிரீட் எல்லாம் வேண்டாம், வேற ஏதாவது எழுது" என்றார். ஹாஸ்டல் கலாட்டாக்களை எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானோ டே ஸ்காலர். நாலு வருஷமும் வேலப்பன்சாவடி வீட்டிலிருந்தே வந்து போனவன். அதனால் வீட்டு விஷயம் ஒன்றையே எழுதுகிறேன்.

இரண்டு வருஷம் முன்பு எங்கள் ப்ராஜெக்டில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துத் தமிழர் ஒருவர் இருந்தார். தமிழ் பேச வராது, ஆனால் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்களாம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "பூனமல்லி என்று ஒரு ஊர் உங்கள் பக்கம் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறதாவது! எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றேன். உடனே ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன அவருடைய முன்னோரின் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், எந்தக் கையில் தழும்பு என்பது வரை அதில் இருந்தது.

நேட்டாலுக்குப் போன முதல் கப்பல் 'ட்ரூரோ'. சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் போயிருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்தான் அதில் பெரும்பகுதி. ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்து, கப்பல் வாரியாகப் பதிந்து வைத்தார்கள். ஆளைத் தொலைக்காமல் வேலை வாங்குவதற்காக எழுதிய கணக்கு அது. இன்று பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் வம்சாவளிப் புத்தகம். வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்குப் பெரிய தலைவலி.

அவர், "உங்களுக்கு எத்தனை தலைமுறை தெரியும்?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குத் தாத்தா பெயர் தெரியும், அவர் அப்பா பெயர் தெரியும். அதோடு சரி! ஊரை விட்டுக் கடல் தாண்டிப் போன வீட்டுக்கு ஐந்து தலைமுறை தெரிகிறது, ஊரிலேயே உட்கார்ந்திருந்த எங்களுக்கு மூன்றைத் தாண்டவில்லை.

அன்று சாயங்காலமே அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு ஒரே பதில்தான். "நாம கணக்குப்பிள்ளை வீடுடா. என் பாட்டனாருக்கு அப்பா கர்ணம் பார்த்தவர். விஜய வருஷத்துல அவர் கையால எழுதின பத்திரம் இருக்குதுன்னு எங்க அப்பா சொல்லுவார்." வாசல் கேட்டில் 'கணக்குப்பிள்ளை இல்லம்' என்று கிரானைட் பலகையே வைத்திருக்கிறார்.

விஜய வருஷம் என்றால் எந்த விஜய? அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பி வரும். 1833, 1893, 1953, எல்லாமே விஜயதான். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. 'விஜய ௵ தை ௴' என்று அதில் இருந்தது. கூடவே பழைய கிஸ்தி ரசீது ஒன்று, பசலி 1303. பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம். ஜூலையில் பிறந்து ஜூனில் முடியும். ஆக 1893-94. தை மாதம் 1894 ஜனவரியில் பிறந்தது. கணக்கு உதைக்கவில்லை!

வில்லங்கம் பார்ப்பது இப்போது சுலபம் என்பார்கள். உண்மைதான், ஆனால் நான் தேடியபோது பெரும்பாலான பதிவு அலுவலகங்களுக்கு 1975 முதல்தான் கம்ப்யூட்டரில் கிடைத்தது. அதற்கு முந்தியதற்கு மனுப் போட்டு, பழைய புத்தகத்தைப் புரட்டித்தான் தேட வேண்டும். பதிவுச் சட்டப்படி சொத்துப் பத்திரங்களுக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. ஒன்று ஆள் பெயர்ப்படி, இன்னொன்று சொத்துப்படி. பெயர்ப்படி தேடினால் நம் ஊரில் திண்டாட்டம்தான், ஏனென்றால் தாத்தா பெயரைத்தானே பேரனுக்கு வைக்கிறோம்! ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒன்று வந்துகொண்டே இருக்கும். நம்முடைய இனிஷியலில் ஒரு எழுத்துக்கு மேல் நிற்பதில்லை. சர்வே நம்பரைப் பிடித்துக்கொண்டு சொத்துப்படி தேடியதில்தான் வழி கிடைத்தது.

இடையில் வேறு கதவுகளையும் தட்டினேன். எழும்பூரில் 1909இல் கட்டிய ஆவணக் காப்பகத்தின் சிவப்புக் கட்டடத்துக்கு மூன்று சனிக்கிழமை போனேன். 1763இல் ஆற்காட்டு நவாப் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர்தான் நம் செங்கல்பட்டுப் பகுதி. தாமஸ் பர்னார்ட் என்ற என்ஜினியர் (நம்மாளு!) 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்திருக்கிறார். எத்தனை வீடு, என்ன தொழில், எத்தனை ஏரி, கோயிலுக்கு என்ன மானியம் என்று ஊர் ஊராக. தமிழில் ஓலையாக எழுதிய கணக்குகளும் உண்டு. அவை தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஊர் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்லது இல்லை. என் வீட்டு ஆளைத் தேட அது உதவவில்லை. ஜனத்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். இங்கிலாந்தில் 1841 முதல் பெயரோடு பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். இங்கே எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு பெயர் எழுதிய தாள்களை அழித்துவிட்டார்கள். 1980 நவம்பரில் கர்ணம், மணியம் பதவிகள் போனபோது பல ஊர்க் கணக்குகளும் பரண்மேல் கரையானுக்குப் போயின.

கடைசியில் 1894ஆம் வருஷத்துப் பத்திரத்தின் நகல் கையில் கிடைத்தது. கிரயப் பத்திரம் இல்லை, அடமானப் பத்திரம். அறுபத்திரண்டு சென்ட் நிலத்தை அடகு வைத்து அறுபது ரூபாய் வாங்கியிருக்கிறார் என் எள்ளுத் தாத்தா. எதற்கு? வண்டி மாடு வாங்க! 'வண்டி ஜீவனம்' என்று தொழிலும் போட்டிருந்தது. கடைசியில் அவர் பெயரும், பக்கத்தில் 'கைநாட்டு' என்ற சொல்லும். அதன் கீழே, இந்தப் பத்திரம் எழுதியது இன்ன ஊர்க் கணக்குப்பிள்ளை என்று வேறொருவர் பெயர்.

சாவடி ஊரில் வண்டிக்காரர் இருந்ததில் என்ன ஆச்சரியம்? வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி எல்லாம் பூந்தமல்லி சாலையில் போவோர் வருவோர் தங்கிப்போன இடங்கள்தானே. ஆனால் கேட்டிலே பலகை இருக்கிறதே! ஒரு வாரம் அந்த நகலை ஆபீஸ் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். அப்பாவுக்கு இரண்டு வருஷம் முன்புதான் ஹார்ட் ஆபரேஷன் ஆகியிருந்தது.

முதலில் திருமழிசையில் இருக்கும் அத்தைப் பாட்டியிடம் போனேன். தொண்ணூறு தாண்டியவர். படித்துக் காட்டியதும் சிரித்தார். "வண்டிதாண்டா ஓட்டினாரு. பட்டணத்துக்கு வைக்கோல் ஏத்திக்கிட்டுப் போவாராம், எங்க அப்பா சொல்லுவாரு. உங்க தாத்தன்தான் ஸ்கூல் வாத்தியார் ஆனப்புறம் கணக்குப்பிள்ளைன்னு சொல்ல ஆரம்பிச்சான். பொண்ணு கொடுக்கறவன் கேப்பான் இல்ல?" என்றார். பிறகு, "எங்க ஆயா பேரு அதுல இருக்கா?" என்று கேட்டார். இல்லை. பத்திரத்தில் மகன், தகப்பன், சாட்சி என்று ஏழு ஆண் பெயர்கள், ஒரு பெண் பெயர்கூட இல்லை. அறுபது ரூபாய்க்குத் தன் கம்மலையும் சேர்த்துக் கொடுத்தவர் அந்த ஆயாதானாம். பெயரைச் சொன்னார், எழுதிக்கொண்டேன். டர்பன் கப்பல் கணக்கில் பெண்களுக்கும் தனி நம்பர், தனி வரி உண்டு. இங்கேயே இருந்துவிட்ட பெண்களுக்கு எந்தப் புத்தகத்திலும் வரி இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி இருந்தால், காப்பகத்துக்கு முன்னால் அவரிடம் போங்கள். பதிவு அலுவலகம் அடுத்த வருஷமும் இருக்கும்.

அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை காலையில் காபிக்குப் பிறகு கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஒன்றும் பேசவில்லை. பத்து நிமிஷம் கழித்து, "கடனை அடைச்சாரா?" என்று மட்டும் கேட்டார்.

அடைத்திருக்கிறார். 1899இல் பைசல் ரசீது பதிவாகியிருக்கிறது, அதிலும் எழுதியது அதே கணக்குப்பிள்ளைதான். அதையும் காட்டினேன். இரண்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலேயே வைத்தார். கேட்டில் பலகை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.