கோப்பி இலையும் வங்கிக் கணக்கும்

வங்கியொன்றின் நிதிநிலையை ஆராய்வோர், கையிருப்பைக் காட்டிலும் கடனுக்கு ஈடாக நிற்கும் பொருளையே முதலில் நோக்குதல் வேண்டும். மலையகத்தின் கோப்பிக் காலம் இதற்குத் தக்க சான்றாகும். 1869இல் மடுல்சீமையில் கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் பொட்டுகள் தோன்றின. வியப்பு யாதெனில், நோய் கண்ட பின்னரும் திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியாக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பியே நடப்பட்டது. அந்நாளைய உயர்விலை பலரின் கண்ணை மறைத்தது போலும்!

ஓரியண்டல் வங்கி அத்தகைய தோட்டங்களை நம்பிப் பெருங்கடன் வழங்கியது. கணக்கேட்டில் அவை சொத்துகள்; மலையிலோ காய்ப்பொழிந்த செடிகள். மொரீசியசின் கரும்புத் தோட்டங்களிலும் அதன் பணம் முடங்கியது. 1884 மே 3இல் வங்கி முறிந்தது. ஆளுநர் ஆதர் கோர்டன் அதன் நோட்டுகளுக்கு அரசின் பொறுப்புறுதியளித்தார். அரசே நாணயத்தாள் வெளியிடுவதற்கான சட்டமும் அவ்வாண்டே பிறந்தது.

நோட்டு வைத்திருந்தோர் இவ்வாறு தப்பினர். தோட்டங்களோ முற்கடனிலேயே நடந்தவை. கடன் கிடையாதபோது தொழிலாளர் கூலி மாதக்கணக்கில் நிலுவையாயிற்று. கூலி வாராத காலத்திலும் கங்காணியிடம் பெற்ற முற்பணம் அவர்கள் பெயரிற் கடனாகவே நின்றது. கோப்பி மறைந்து தேயிலை வந்த பின்னரும், தொழிலாளியின் கடன்தொகையைக் குறித்து அவனை மறுதோட்டத்துக்கு அனுப்பும் ‘துண்டு’ முறை நீடித்தது. அதனைச் சட்டம் தடைசெய்தது 1921இலேயே.