நீருக்குள் தூங்கிய நாய்

மயக்கத்தில் கிடக்கும் நாய் இருமாது, விழுங்காது. பல் காரையை உடைக்கும் அல்ட்ராசோனிக் கருவியோ விடாமல் தண்ணீரைப் பீய்ச்சும். அந்தத் தண்ணீரும் ரத்தமும் கிருமி மண்டிய காரைத் துகளும் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். அதனால்தான் கால்நடை மருத்துவர் பல்லைத் தொடுமுன் மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூபைச் செலுத்தி, அதன் நுனியருகே உள்ள சிறு பலூனை ஊதி, வழியை அடைத்துவிடுகிறார்.

இந்தப் பலூன் ஏற்பாட்டை நிலைநிறுத்தியவர் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் இருந்த மயக்க மருந்து நிபுணர் ஆர்தர் குடெல். அவருக்கு முன்பே, 1871இல், ஜெர்மானியர் டிரெண்டலென்பர்க் கழுத்தைத் திறந்து போடும் குழாயில் பலூன் கட்டியிருந்தார். ஆனால் வாய்வழி டியூபில் அது வழக்கமாகவில்லை. 1920களில் குடெல் கசாப்புக் கடையிலிருந்து விலங்குகளின் மூச்சுக்குழாய்களை வாங்கிவந்து சோதித்தார். ரப்பர் கையுறையின் விரல், ஆணுறை, பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ரப்பர்த் தாள் என்று கிடைத்ததிலெல்லாம் பலூன் செய்தார். குரல்நாண்களுக்குச் சற்றுக் கீழே வைத்தால்தான் அது சரியாக அடைக்கிறது என்று கண்டுகொண்டார்.

அவருடைய நண்பர் ரால்ஃப் வாட்டர்ஸ், நோயாளி விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை நீக்கி அதே மயக்க வாயுவைத் திரும்பச் செலுத்தும் முறையை வளர்த்துவந்தார். சிறு கசிவும் அதைக் கெடுக்கும். கசிவே இல்லை என்று காட்ட, குடெல் ஒரு நாயை மயக்கி, டியூபைப் பொருத்தி, தண்ணீர்த் தொட்டிக்குள் முழுதாக அமிழ்த்தினார். வெளியே எடுத்தபின் நாய் நன்றாக விழித்து, உடம்பை உதறிக்கொண்டது. அதற்கு ‘ஏர்வே’ என்று பெயர். மூச்சுவழி என்பதே அதன் பொருள். இதைவிடத் துணிச்சலான நிரூபணத்தை மயக்கவியல் வரலாற்றில் நான் படித்ததில்லை. அந்த நாயின் உயிரையே பணயம் வைத்த துணிச்சல் அது. 1928இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள்.

மனிதருக்காக ஒரு நாய் மெய்ப்பித்த கருவி இப்போது நாய்களுக்கும் பூனைகளுக்கும் காவல். அது மட்டும் போதாது. பலூனுக்கு மேலே நீர் தேங்கும். அதனால் தொண்டையில் காஸ் துணி வைத்து, மூக்கு நுனி தாழ்ந்திருக்கும்படி கிடத்துகிறார்கள். டியூபை எடுக்குமுன் துணியை மறக்காமல் உருவுகிறார்கள். பூனையிடம் கூடுதல் கவனம் வேண்டும். பலூனை அளவுக்கு மீறி ஊதியதாலும், டியூப் திருகிக்கொண்டதாலும் மூச்சுக்குழாய் கிழிந்த பூனைகளில் பல, பல் சிகிச்சைக்கு வந்தவை. கசிவு நிற்கும்வரை மட்டும் ஊத வேண்டும். மறுபக்கம் புரட்டுமுன் டியூபை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட வேண்டும்.