பணிவும் ஆங்கிலமும்: மலாயாவில் வேலைக்கு ஆள் தேர்ந்த வரலாறு

வேலை கொடுப்போர் எதனைப் பெரிதாக மதிக்கின்றனர் என்று நம் மாணவர் அடிக்கடி வினவுகின்றனர். அவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் மலாயாவில் கிடைத்த விடையை இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்கின்றோம்.

ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில் துரைமார் தொழில் தெரிந்தவரைத் தேடவில்லை. பால்வெட்டும் முறையை மரத்தடியிலேயே கற்பித்துவிடலாம். அவர்கள் தேடியது பணிவு. தென்னிந்தியத் தொழிலாளி அடங்கி நடப்பவன், சொன்னதைச் செய்பவன் என்பது அக்காலத் தோட்டக்காரரின் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் பாராட்டு. அதனைப் பாராட்டென்று கொள்ள நமக்கு மனம் வரவில்லை. நிலமின்மையும் கடனும் சாதி ஒடுக்குமுறையும் விளைத்த நிலையைத்தான் அவர்கள் குணமென்று பெயரிட்டனர்.

அப்பணிவுக்குப் பிணை நின்றவர் கங்காணி. கண்காணித்தல் என்னும் சொல்லின் வழிவந்த இப்பெயர் அவர் பணியை உள்ளவாறே உரைக்கின்றது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவரே உரிமம் பெற்றுத் தம் ஊருக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, முதலாளிமாரிடம் தீர்வை பெற்று அவர்களின் பயணச் செலவை ஏற்றது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தபின் கங்காணி முறையே மேலோங்கியது. விண்ணப்பமோ நற்சான்றிதழோ இல்லை. இன்னாரின் மைத்துனன், இன்ன ஊரான் என்பதே சான்று. அதிகாலைப் பிரட்டுக்கு வந்து நின்ற ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே ஓடிப்போகாதவனே அவருக்கும் நல்ல ஆள்.

பெண்களையும் தோட்டங்கள் விரும்பி எடுத்தன. குடும்பமாய் வந்தவர் நிலைத்துத் தங்குவர் என்பது அதற்கொரு காரணம். கூலி குறைவு என்பது மற்றொன்று. 1920களின் இறுதியில் வகுக்கப்பட்ட தரக்கூலி, சிலாங்கூர் முதலிய இடங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசுமாக இருந்தது.

அலுவலகத்தின் வாயிலிலோ கேள்வி வேறு. 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தொடர்ந்து விரிந்த இரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் ஆங்கிலத்தில் கணக்கும் கடிதமும் எழுதவல்லவர் தேவைப்பட்டனர். வட்டுக்கோட்டையில் 1823இல் தோன்றிய குருமடம் முதலாக, யாழ்ப்பாணத்தில் மிஷன் கல்வி வேரூன்றியிருந்தது. அக்கல்வி பெற்றோர் எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் இங்கு வந்தனர். தோட்டத்துக் கிராணி வேலைக்கும் ஆங்கிலமே திறவுகோல்.

இவ்விரு வாயில்களுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டது தமிழ்க் கல்வி. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்தவேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் எழுந்தன, பல இடங்களில் ஓரளவு எழுத்தறிந்த கிராணியோ கங்காணியோதான் ஆசிரியர். அவற்றில் படித்த பிள்ளைக்கு அலுவலகம் கேட்ட ஆங்கிலம் கிட்டவில்லை. தோட்டத்திற்கோ அப்பிள்ளையின் எழுத்தறிவே தேவைப்படவில்லை. தமிழ்ப் பள்ளிகள் மெலிந்திருந்தமைக்குப் பெற்றோரின் அக்கறையின்மையைக் காரணங்காட்டுவோர் உளர். படித்தவனுக்கும் படியாதவனுக்கும் ஒரே கத்தியும் ஒரே வாளியும் கொடுக்கப்பட்ட இடத்தில் அக்குற்றச்சாட்டு நமக்கு நியாயமாகப் படவில்லை.

இந்திய அரசு 1938இல் உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தியது. புதிய ஆள்வரவு தடைப்பட்ட பின்னர், 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர். எச். நாதன் அதன் தலைவர்களுள் ஒருவர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள் முதன்மையானது. தமிழ் பேசத் தெரிந்த அலுவலர் வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பனவும் அப்பட்டியலில் இருந்தன. இன்னொன்றும் இருந்தது: துரை எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் நீங்கவேண்டும்.

நாதன் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். எவருடைய பணிவை நம்பித் துரைமார் ஆளெடுத்தார்களோ, அவர்கள்தாம் அன்று மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவர்கள்.