எம்மா ராடுகானுவின் 2021 அமெரிக்க ஓப்பன் வெற்றி

2021 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் ஆர்தர் ஆஷ் அரங்கில் நடைபெற்ற அமெரிக்க ஓப்பன் மகளிர் ஒற்றையர் இறுதிப் போட்டியில், 18 வயதான பிரித்தானிய வீராங்கனை எம்மா ராடுகானு, கனடாவின் 19 வயதான லேலா பெர்னாண்டஸை 6-4, 6-3 என்ற நேர் செட்களில் வென்றார். 1968இல் தொடங்கிய ஓப்பன் காலத்தில், தகுதிச்சுற்றின் வழியாக நுழைந்த ஒருவர் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டத்தை வென்றது இதுவே முதல் முறையாகும். அதுவரை ஆண்களிலும் பெண்களிலும் இவ்வழியில் வந்த எவரும் இறுதிப் போட்டியை எட்டியதுகூட இல்லை.

பின்னணி

ராடுகானு 2002இல் கனடாவின் டொராண்டோவில் பிறந்தார். தந்தை ருமேனியர், தாய் சீனர். இரண்டு வயதில் குடும்பத்துடன் இங்கிலாந்தில் குடியேறினார். கொரோனாப் பெருந்தொற்றும் பள்ளி இறுதித் தேர்வும் சேர்ந்ததால் அவர் ஆடிய போட்டிகள் குறைந்தன, தரவரிசையிலும் பின்தங்கியிருந்தார். 2021 விம்பிள்டனில் சிறப்பு அனுமதி பெற்று நான்காம் சுற்றுவரை முன்னேறினார். ஆனால் அந்த ஆட்டத்தின் நடுவே மூச்சுத் திணறலால் விலக நேர்ந்தது. அவருடைய மனவுறுதி குறித்து அப்போது கேள்விகள் எழுந்தன.

பத்து ஆட்டங்கள்

தரவரிசையில் முன்னிற்பவர்களுக்குக் கிராண்ட்ஸ்லாம் முதன்மைப் போட்டியில் நேரடியாக இடம் கிடைக்கும். மற்றவர்கள் தகுதிச்சுற்றில் மோத வேண்டும். அமெரிக்க ஓப்பனில் 128 பேர் மோதும் இச்சுற்றில் மூன்று ஆட்டங்களையும் வெல்லும் 16 பேரே உள்ளே நுழைவர். அப்போது 150ஆம் இடத்திலிருந்த ராடுகானு, தகுதிச்சுற்று முடியும் நாளுக்கே ஊர் திரும்ப விமானச் சீட்டு எடுத்திருந்ததாகப் பின்னர் கூறினார். நேரடியாக நுழைபவர் ஏழு ஆட்டங்களை வென்றால் பட்டம் பெறலாம்; இவர் பத்து ஆட்டங்களை வெல்ல வேண்டியிருந்தது. பத்தையும் ஒரு செட்கூட இழக்காமல் வென்றார். காலிறுதியில் ஒலிம்பிக் தங்கம் வென்ற பெலிண்டா பென்சிச்சும், அரையிறுதியில் மரியா சக்காரியும் அவரிடம் தோற்றனர்.

இறுதிப் போட்டி

எதிர்முனையில் நின்ற பெர்னாண்டஸ், நவோமி ஒசாகா, ஏஞ்சலிக் கெர்பர், எலினா ஸ்விடோலினா, அரினா சபலென்கா ஆகியோரைத் தோற்கடித்து வந்தவர். இரண்டாம் செட்டில் 5-3 என முன்னிலையில் இருந்தபோது ராடுகானு சறுக்கி விழுந்து முழங்காலில் காயமடைந்தார். இரத்தம் கசிந்ததால் ஆட்டம் நிறுத்தப்பட்டு, காயத்துக்குக் கட்டுப் போடப்பட்டது. சர்வீஸை இழக்கும் நிலையில் ஆட்டத்துக்குத் திரும்பிய அவர், அதை மீட்டு, ஏஸ் ஒன்றுடன் பட்டத்தை வென்றார்.

வரலாற்றில் இடம்

1977இல் விம்பிள்டன் வென்ற வர்ஜீனியா வேடுக்குப் பின் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் பிரித்தானியப் பெண் ராடுகானு ஆவார். அடுத்த ஆண்டு அதே போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றார். 2023இல் இரு மணிக்கட்டுகளிலும் ஒரு கணுக்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆயினும், தகுதிச்சுற்றில் ஆடும் ஒவ்வொருவருக்கும் பட்டம்வரை செல்ல வழியுண்டு என்பதை மெய்ப்பித்த ஆட்டங்களாக அந்தப் பத்து வெற்றிகளும் நிலைத்துள்ளன.